மாறாமல் இருக்கத் தெரிந்த செல்

ஸ்டெம் செல் வளர்க்கும் வேலை என்று சொன்னால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "அது எதுவா வேணும்னாலும் மாறுமாமே?" மாறும். இதயமாகும், நரம்பாகும், தோலாகும், ரத்தமாகும். கேட்பவர் முகத்தில் வியப்பு தெரியும். எனக்கு அந்த வியப்பு தீர்ந்து ரொம்ப நாளாகிறது. மாறுவது அந்தச் செல்லுக்குப் பெரிய காரியமே இல்லை. விட்டால் மாறிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல் வளரும் தட்டை இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டுப் போய்த் திங்கட்கிழமை காலை வந்து பார்ப்பதற்குள், சொல்லாமல் கொள்ளாமல் மாறியிருக்கும். அதை மாறாமல் வைத்திருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இதை ஆய்வுக்கூடத்துப் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். ஸ்டெம் செல் எப்படி வளர்கிறது, எப்படி ஒரு குறிப்பிட்ட வேலைக்கான செல்லாகிறது என்பதையெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் எனக்குப் பிடிபடுகிறது. எதுவாகவும் ஆகாமல் இருப்பதற்கு என்ன தேவை, அந்தத் தேவை எப்போது அறுந்துபோகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் தட்டைப் பார்ப்போம். மைக்ரோஸ்கோப்பின் கீழே மனித ஸ்டெம் செல்கள் கும்பல் கும்பலாகத் தெரியும். ஒவ்வொரு கும்பலும் தட்டையாக, ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் நெருங்கிக் கிடக்கும். தனிச் செல்லைப் பிரித்துப் பார்ப்பது சிரமம். செல்லுக்குள் உட்கரு பெரிதாக இருக்கும், அதைச் சுற்றி இடமே மிச்சமிருக்காது. உட்கருவுக்குள் ஒன்றிரண்டு புள்ளிகள் அழுத்தமாகத் தெரியும். கும்பலின் விளிம்பு மட்டும் கோடு போட்டது மாதிரி சுத்தமாக, லேசாக மினுங்கிக்கொண்டிருக்கும். பழகிய கண் முதலில் போவது அந்த விளிம்புக்குத்தான். விளிம்பு கலைந்து, செல்கள் அகலமாகப் பரந்து, வெளியே கால் நீட்ட ஆரம்பித்திருந்தால் அவை கிளம்பிவிட்டன என்று பொருள். தோலின் பக்கமோ நரம்பின் பக்கமோ எங்கேயோ போய்க்கொண்டிருக்கின்றன. பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயின் முனையால் அந்தப் பகுதியைச் சுரண்டி, உறிஞ்சி எறிந்துவிட வேண்டும். பாவம் பார்த்து விட்டுவைத்தால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். மாறத் தொடங்கிய செல் சும்மா இருப்பதில்லை, தன் பங்குக்குச் சமிக்ஞைப் புரதங்களை வெளியே விடும். அக்கம்பக்கத்துச் செல்களும் அதைக் கேட்கும்.

இவற்றுக்கு உணவாக ஊற்றும் மீடியம் என்ற திரவத்தில் சர்க்கரை, உப்பு, வைட்டமின், இன்சுலின் எல்லாம் உண்டு. முக்கியமானது எஃப்ஜிஎஃப்-2 என்ற புரதம். "இப்படியே இரு, இப்படியே இரு" என்று செல்லிடம் ஓயாமல் சொல்வது அதுதான். அதன் குறை, 37 டிகிரியில் தாங்காது. செல்களோ அந்தச் சூட்டில்தான் வளரும். ஒரு நாளைக்குள் புரதத்தின் வீரியம் பெரும்பாலும் போய்விடும், சொல்வதற்கு ஆள் இல்லாமல் போகும். அதனால் தினமும் பழைய மீடியத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், ஞாயிறும் பண்டிகையும் உட்பட. பிற்பாடு சூடு தாங்கும்படி திருத்திய எஃப்ஜிஎஃப்-2 கடைக்கு வந்தது. இந்தத் துறையில் பலருக்கு வாரக்கடைசி என்று ஒன்று கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

வளர்ச்சி வேகமானது. ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். நாலைந்து நாளில் தட்டு நிரம்பிவிடும், பிரித்துப் புதிய தட்டுகளில் போட வேண்டும். இங்கேதான் இன்னொரு குணம் தெரியும். சின்னச் சின்னக் கொத்துகளாகப் பிரித்தால் பிழைக்கும். ஒவ்வொரு செல்லாகத் தனியே பிரித்தால் பெரும்பாலானவை செத்துப்போகும். பக்கத்துச் செல்லோடு இருந்த பிடி விட்டதும் உள்ளே இருக்கும் சுருங்கும் இழைகள் கட்டுமீறி இறுகி, செல் குமிழ் குமிழாகப் பொங்கி அழியும். அந்த இறுக்கத்தைத் தடுக்கும் ஒரு மருந்தை முதல் நாள் மட்டும் சேர்த்தால் தனிச் செல்லும் பிழைக்கும் என்று ஜப்பானில் 2007-இல் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு அந்த மருந்து இல்லாத ஸ்டெம் செல் ஆய்வுக்கூடம் இருக்காது.

நன்றாக வளர்கிறதே என்று சந்தோஷப்படவும் முடியாது. வழக்கத்தைவிட ஜோராக வளரும் தட்டு எங்களுக்குச் சந்தேகத்துக்கு இடமான தட்டு. திரும்பத் திரும்பப் பிரித்து வளர்க்கும்போது சில செல்களில் 20-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு கூடுதலாகச் சேர்ந்துவிடுவதுண்டு. சாவைத் தள்ளிப்போடும் மரபணு ஒன்று அந்தத் துண்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட செல் மற்றவற்றை முந்திக்கொண்டு தட்டையே பிடித்துவிடும். அதனால் அவ்வப்போது குரோமோசோம்களைச் சரிபார்த்தாக வேண்டும்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? கருவில் இந்த நிலை நிலைத்திருக்கும் நிலையே இல்லை. கருவுற்ற முட்டை இரண்டாகிறது, நாலாகிறது, எட்டாகிறது. எட்டுச் செல் கட்டத்தில் அவை ஒன்றையொன்று இறுக்கி அணைத்துக்கொள்கின்றன. அதற்கடுத்த பிரிவுகளில் சில செல்கள் வெளியேயும் சில உள்ளேயும் அமைகின்றன. முதல் பாகப்பிரிவினை அங்கேதான். வெளியே நிற்பவை நஞ்சுக்கொடியின் பக்கம் போகும், உள்ளே நிற்பவை உடம்பாகும். எலியின் கருவில் ஆரம்பக் கட்டத்திலேயே வெளிச் செல்லை எடுத்து உள்ளே வைத்தால் அது உடம்பின் பக்கம் சேர்ந்துவிடும். நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. மனிதக் கருவில் ஐந்தாம் நாள் வாக்கில் உள்ளே ஒரு சிறு செல் திரள் இருக்கும். உடம்பின் எந்தச் செல்லாகவும் ஆகக்கூடியது அதுதான். அந்தத் தகுதி சில நாள் கதை. மூன்றாவது வாரத்துக்குள் அது மூன்று அடுக்குகளாகப் பிரிந்துவிடும். மேலடுக்கிலிருந்து தோலும் நரம்பும், நடு அடுக்கிலிருந்து தசை, எலும்பு, ரத்தம், இதயம், உள்ளடுக்கிலிருந்து குடலின் உட்பூச்சு, கல்லீரல், நுரையீரல், கணையம்.

அந்தச் சில நாளை வருடக்கணக்காக நீட்டி வைப்பதுதான் தட்டில் நடப்பது. எலிக் கருவிலிருந்து எடுத்த செல்களை இப்படி நிறுத்தி வைக்க முடியும் என்று 1981-இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், சான் பிரான்சிஸ்கோவில் கெயில் மார்ட்டினும் தனித்தனியே காட்டினார்கள். மனிதக் கருச் செல்லுக்கு அதைச் செய்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன், 1998-இல். இடையில் 17 வருடம். கருவை வைத்து ஆராய்ச்சி செய்யலாமா என்ற சண்டை ஒரு பக்கம். எலிச் செல்லை நிறுத்தி வைத்த லிஃப் என்ற புரதம் மனிதச் செல்லிடம் எடுபடவில்லை என்பது இன்னொரு பக்கம். எலிக்குச் சொன்ன சொல் மனிதச் செல்லுக்குக் கேட்கவில்லை.

கருவில் சில நாளோடு முடிந்துபோகிற விஷயம் என்றால், வளர்ந்த உடம்பில் ஸ்டெம் செல் எப்படி இருக்கிறது? இருக்கிறது, ஆனால் அதிகாரம் குறைந்த வடிவில். ரத்தத்தின் ஸ்டெம் செல் ரத்தமாகத்தான் ஆகும், தோலின் ஸ்டெம் செல் தோலாகத்தான் ஆகும். அவை இருப்பதைக் கண்ணுக்கு முன்னால் காட்டியது டொராண்டோவில் நடந்த ஒரு சோதனை. ஜேம்ஸ் டில் இயற்பியலாளர், எர்னஸ்ட் மெக்கல்லக் மருத்துவர். கதிர்வீச்சால் எலியின் எலும்பு மஜ்ஜையை அழித்துவிட்டு, வேறொரு எலியின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள். மெக்கல்லக் அவற்றை எண்ணிப் பார்த்தார். எத்தனை செல் ஏற்றினார்களோ அதற்கேற்ப முடிச்சும் கூடிக்கொண்டே போனது, பத்தாயிரம் செல்லுக்கு ஏறத்தாழ ஒன்று. இது 1961-இல் வெளிவந்தது. பல முடிச்சுகளில் பலவகை ரத்த செல்கள் கலந்திருந்தன. இவையெல்லாம் ஒரே ஒரு செல்லின் பிள்ளைகளா? இரண்டு வருடம் கழித்து ஆண்ட்ரூ பெக்கருடன் சேர்ந்து அதற்கும் விடை சொன்னார்கள். கதிர்வீச்சால் செல்களின் குரோமோசோமில் விதவிதமான தழும்பு ஏற்படும்படி செய்தார்கள். ஒரு முடிச்சில் இருந்த செல்களில் எல்லாம் ஒரே தழும்பு. ஆக, ஒரே தாய்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. கையில் இருந்தது எலி, ஊசி, மைக்ரோஸ்கோப், எண்ணிப் பார்க்கும் பொறுமை, அவ்வளவுதான்.

இந்த ரத்த ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் தூங்குபவை. நம் உடம்பு நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. ஒவ்வொன்றும் 120 நாள் வாழும். இந்த உற்பத்தியைக் கேட்டால் ஸ்டெம் செல் ராப்பகலாகப் பிரிந்துகொண்டிருக்கும் என்றுதான் தோன்றும். எலியில் பார்த்தபோது, மிக ஆழ்ந்து உறங்கும் ஸ்டெம் செல்கள் வாழ்நாள் முழுக்கவே ஐந்து முறை அளவில்தான் பிரிகின்றன. வேலையெல்லாம் அதற்குக் கீழே இருக்கும் இடைநிலைச் செல்களின் தலையில். அவைதான் பெருகி, மேலும் பெருகி, கடைசியில் சிவப்பணுவாகவும் வெள்ளையணுவாகவும் தட்டணுவாகவும் முடிகின்றன. ஒவ்வொரு பிரிவின்போதும் டிஎன்ஏ நகலில் பிழை புக வாய்ப்பு உண்டு. மூலத்தை அடிக்கடி தொடாமல் இருப்பது அதற்கான முன்ஜாக்கிரதை.

அப்படியும் மூலம் ஒரு நாள் குறையத்தான் செய்யும். 115 வயதில் 2005-இல் இறந்த டச்சுப் பெண்மணி ஹென்ட்ரிக்யே வான் ஆண்டல்-ஷிப்பர், உடலை அறிவியலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய ரத்தத்தில் சேர்ந்திருந்த டிஎன்ஏ பிழைகளைப் பின்தொடர்ந்து போனவர்கள் கடைசியில் இரண்டு ஸ்டெம் செல்களில் போய் நின்றார்கள். அந்த வயதில் அவருடைய வெள்ளையணுக்களில் பெரும்பகுதி அந்த இரண்டின் வாரிசுகள்.

தூங்கச் சொல்வது யார் என்ற கேள்விக்கு 1978-இல் ரே ஸ்கோஃபீல்டு ஒரு யோசனை சொன்னார்: ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாக வைத்திருப்பது அது குடியிருக்கும் இடம். மஜ்ஜையில் ரத்தக் குழாய்களை ஒட்டிய செல்கள் சிஎக்ஸ்சிஎல்-12 என்ற புரதத்தை விடுகின்றன. ஸ்டெம் செல் அதை மோப்பம் பிடித்து வந்து அங்கே ஒட்டிக்கொள்கிறது. மஜ்ஜை மாற்று சிகிச்சையில் தானமாகப் பெற்ற செல்லை எலும்புக்குள் துளைத்து வைப்பதில்லை, ரத்தம் ஏற்றுவது போல ரத்தக் குழாய் வழியாகத்தான் ஏற்றுவார்கள். செல்லே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இடம் என்பது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் குடலைவிட நல்ல சாட்சி கிடையாது. சிறுகுடலின் உட்பூச்சு நாலைந்து நாளுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகள் ஏராளம். குழியின் அடியில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவற்றை அடையாளம் காட்டும் புரதம் எல்ஜிஆர்-5 என்று 2007-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளவர்ஸின் குழு கண்டுபிடித்தது. எலியின் ஒரு குழியில் இப்படிப்பட்ட செல்கள் 15 அளவில் இருக்கும். இவற்றுக்கு நடுநடுவே பேனெத் செல்கள் என்ற இன்னொரு வகை உட்கார்ந்திருக்கும். "இப்படியே இரு" என்ற சமிக்ஞை பேனெத் செல்லிடமிருந்தும் குழியைச் சுற்றியுள்ள திசுவிலிருந்தும் வருகிறது, அந்த இடத்தில் இருக்கும் வரைதான் ஸ்டெம் செல்.

ஸ்டெம் செல் பிரியும்போது ஒன்று ஸ்டெம் செல்லாகத் தங்கும், மற்றது வேலைக்குக் கிளம்பும் என்று பாடப்புத்தகங்களில் ஒரு படம் இருக்கும். சில இடங்களில் அப்படி நடப்பதும் உண்மை. குடலில் நடப்பது அப்படி இல்லை. இரண்டு மகள் செல்களும் ஒரே தகுதியோடுதான் பிறக்கின்றன. அடியில் இடம் கொஞ்சம்தான். எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு பிரியும்போது யாராவது சிலர் மேலே தள்ளப்படுகிறார்கள். பாட்டு நின்றதும் நாற்காலி கிடைக்காதவர் வெளியேறும் விளையாட்டு உண்டல்லவா, ஏறக்குறைய அதேதான். அந்த இடம் கைவிட்டுப் போனதும் அந்தச் செல் குடற்செல்லாக மாறத் தொடங்கி, மேலே ஏறி, குடல் சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் விரலிகளின் நுனிக்குப் போய் உதிர்ந்துவிடும். யார் தங்குவது, யார் போவது என்பதில் திறமை ஒன்றும் கிடையாது, தற்செயல்தான். ஒவ்வொரு ஸ்டெம் செல்லின் வம்சத்துக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பார்த்தபோது, சில மாதங்களில் பல நிறக் குழி ஒரே நிறமாகிவிட்டது. ஒரு வம்சம் மற்ற எல்லாவற்றையும் வெளியே தள்ளியிருந்தது.

இதைவிட ஒரு படி மேலே போய், எலிகளில் எல்ஜிஆர்-5 செல்களை மட்டும் குறிவைத்து அழித்துப் பார்த்தார்கள். குடல் வீணாகிவிடவில்லை. மேலே போய்க்கொண்டிருந்த செல்களில் சில திரும்பி வந்து காலியான இடத்தைப் பிடித்து ஸ்டெம் செல்லாகிவிட்டன. அப்படியானால் ஸ்டெம் செல் என்பது பிறவிக் குணமா, பதவியா? குடலைப் பொறுத்தவரை பதவி என்றுதான் எனக்குப் படுகிறது. ரத்தத்தில் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இடம் என்றால் வெறும் புரதச் சமிக்ஞை மட்டும் இல்லை. 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டிஷரின் குழு, மஜ்ஜையிலிருந்து எடுத்த ஒருவகை ஸ்டெம் செல்களை வெவ்வேறு கெட்டித்தன்மையுள்ள ஜெல்களின் மேல் வளர்த்தது. ஊற்றிய மீடியம் ஒன்றுதான். மூளையைப் போல மெத்தென்ற ஜெல்லில் இருந்தவை கிளைவிட்டு நரம்பின் சாயலுக்குப் போயின. தசையளவு இறுகிய ஜெல்லில் தசைப் புரதங்கள் தெரிந்தன. அதைவிடக் கெட்டியானதில் எலும்பின் பக்கம் சாய்ந்தன. செல் தான் நிற்கும் தரையை இழுத்துப் பார்க்கிறது. தரை எவ்வளவு இளகிக்கொடுக்கிறது என்பதும் அதற்கு ஒரு செய்தி.

சரி, கிளம்பிய செல் ஒரு குறிப்பிட்ட வகையாக எப்படி ஆகிறது? மனித உடம்பில் 200-க்கும் மேற்பட்ட செல் வகைகள் உண்டு. ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது அதே சுமார் 20,000 மரபணுக்கள்தான். எது பேசுகிறது, எது வாய் மூடியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். ரத்தத்திலிருந்தே ஓர் உதாரணம். காட்டா-1, பியூ-1 என்று இரண்டு புரதங்கள், இரண்டும் மரபணுக்களை முடுக்கிவிடுபவை. காட்டா-1 சிவப்பணுவுக்கான மரபணுக்களை முடுக்கும், பியூ-1 வெள்ளையணுக்களில் ஒரு பிரிவுக்கானவற்றை. முடிவெடுக்காத செல்லில் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஒவ்வொன்றும் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும், மற்றதை அமுக்கும். இப்படிப்பட்ட இருவர் ஒரே வீட்டில் ரொம்ப நாள் சமமாக இருக்க முடியாது. ஒன்றின் கை சற்று ஓங்கினால், அது தன்னை இன்னும் ஓங்கச் செய்யும், மற்றதை இன்னும் அழுத்தும். கொஞ்ச நேரத்தில் சமநிலை உடைந்து செல் ஒரு பக்கமாகப் போய்விடும். அங்கே போன பிறகு பூட்டும் வேலை தொடங்கும். வேண்டாத மரபணுக்கள் உள்ள டிஎன்ஏ பகுதிகளில் மெத்தில் குறிகள் என்ற சிறு வேதி முத்திரைகள் விழும், அந்தப் பகுதி இறுகச் சுருண்டுவிடும். அதற்குப் பிறகு பிறக்கும் மகள் செல்களுக்கும் அந்தக் குறிகள் நகலாகும். கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்லே வருவது இதனால்தான். சிவப்பணு இதில் எல்லையைத் தொட்டது. அது உட்கருவையே வெளியே தள்ளிவிடும், திரும்பிப் போக வழியே இல்லை.

மற்ற செல்களுக்கும் திரும்பும் வழி கிடையாது என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற கணக்கு. தேவையில்லாத மரபணுக்களைச் செல் தொலைத்துவிடுகிறது என்று நினைத்தவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கர்டன் ஒரு தவளையின் முட்டையிலிருந்த உட்கருவைச் செயலிழக்கச் செய்து, அந்த இடத்தில் தலைப்பிரட்டையின் குடற்செல்லிலிருந்து எடுத்த உட்கருவை வைத்தார். பெரும்பாலானவை வீணாகின. ஒரு சில மட்டும் நீந்தும் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. அது 1962. குடற்செல்லின் உட்கருவில் முழுத் தவளைக்கான மரபணுக்களும் பத்திரமாக இருந்தன. இந்தக் கர்டனைத்தான் பள்ளியில் உயிரியல் ஆசிரியர், விஞ்ஞானியாகும் ஆசை கேலிக்கூத்தானது என்று எழுதி அனுப்பியிருந்தார். அந்த அறிக்கையைச் சட்டம் போட்டுத் தன் அலுவலகத்தில் வைத்திருந்தார் மனிதர். பாலூட்டிகளில் இதே காரியம் 1996-இல் டாலி என்ற செம்மறியாட்டில் கைகூடியது, 277 முயற்சிகளில் ஒன்றே ஒன்று.

முட்டைக்குள் இருக்கும் ஏதோ ஒன்று பூட்டுகளைத் திறக்கிறது. அது என்ன என்று தேடுவதற்குக் கியோட்டோவில் ஷின்யா யமனாகா ஒரு குறுக்குவழி பிடித்தார். கருவின் ஸ்டெம் செல்லில் மும்முரமாக வேலை செய்யும் மரபணுக்களில் 24-ஐப் பொறுக்கியெடுத்து, கசுதோஷி தகஹாஷி அவற்றை எலியின் இணைப்புத் திசு செல்களுக்குள் வைரஸ் மூலம் செலுத்தினார். தனித்தனியாகக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. 24-ஐயும் சேர்த்துக் கொடுத்தபோது ஸ்டெம் செல் போன்ற கும்பல்கள் முளைத்தன. பிறகு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார்கள். எதை எடுத்தால் கும்பல் வரவில்லையோ அது முக்கியம். கடைசியில் நின்றவை நான்கு: ஆக்ட்-4, சாக்ஸ்-2, கேஎல்எஃப்-4, சி-மிக். 2006-இல் எலியில், அடுத்த வருடமே மனிதச் செல்லில். 2012-இல் கர்டனுக்கும் யமனாகாவுக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். நான்காவதான சி-மிக் புற்றுநோயில் பெயர்போன மரபணு என்பதால் இன்றுவரை அதைப் பற்றிய பதற்றம் போகவில்லை. இந்த முறையில் ஆயிரம் செல்லுக்கு ஒன்றுகூடத் தேறாமல் போவதுண்டு. பூட்டுகள் சும்மா போடப்பட்டவை இல்லை.

அப்புறம்தான் எதிர்த் திசை வேலை. கையில் எதுவாகவும் ஆகக்கூடிய செல் இருக்கிறது, நமக்கு இதயச் செல் வேண்டும். கருவில் நடந்ததை அதே வரிசையில், அதே நேரக்கணக்கில் தட்டில் நடத்த வேண்டும். விண்ட் என்று ஒரு சமிக்ஞை உண்டு. முதல் நாள் அதை ஒரு மருந்தால் முடுக்கினால் செல்கள் நடு அடுக்கின் பக்கம் போகும். மூன்றாம் நாள் அதே விண்டை இன்னொரு மருந்தால் அடைக்க வேண்டும். அப்போதுதான் இதயத்தின் பாதை திறக்கும். அடைக்காமல் விட்டால் வேறு எங்கோ போய்விடும். ஒரே சொல்லுக்கு முதல் நாள் ஒரு பொருள், மூன்றாம் நாள் நேர் எதிரான பொருள். செல் அந்தச் சொல்லைக் கேட்கும்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். நரம்புக்கோ கதையே வேறு. அங்கே எதையும் முடுக்க வேண்டியதில்லை. "நரம்பாகாதே" என்று சொல்லிக்கொண்டிருக்கும் இரண்டு சமிக்ஞைகளை அடைத்தால் போதும், செல்கள் தாமாக அந்தப் பக்கம் போய்விடும்.

இதயச் செல் தட்டை எட்டாம் நாள், பத்தாம் நாள் வாக்கில் பார்க்க வேண்டும். முதலில் ஒரு மூலையில் ஏதோ இழுத்துவிட்ட மாதிரி தெரியும். கை பட்டுத் தட்டு ஆடியிருக்கும் என்று நினைப்போம். கையை எடுத்த பிறகும் அது இழுக்கும். இரண்டு நாள் போனால் அந்தப் பகுதி முழுக்க ஒரே தாளத்தில் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். இன்குபேட்டரிலிருந்து எடுத்து வெளியே வைத்ததும் சூடு குறையக் குறையத் துடிப்பும் மந்தமாகும். யாராவது விருந்தினர் வந்தால் நாங்கள் காட்டுவது இந்தத் தட்டைத்தான். இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கும் சலிப்பதில்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அடுத்து கேட்பது, இதை ஊசியில் போட்டுக்கொள்ளலாமா என்பது. மூட்டுவலி, நீரிழிவு, ஆட்டிசம், முதுமை என்று எதற்கும் ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. செல் உள்ளே போய்ப் பழுதைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிடும் என்பார்கள். ரத்த ஸ்டெம் செல்லுக்கு வீட்டுக்கு வழி தெரியும், ஏனென்றால் அந்த வீட்டிலிருந்து வந்தது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லுக்குக் கண்ணில் என்ன தெரியும்? 2015-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு கிளினிக் மூன்று பெண்களின் இரண்டு கண்களிலும் அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைச் செலுத்தியது. கண்ணுக்குள் ரத்தக்கசிவு, விழித்திரை பிய்ந்து விலகல். மூவரின் பார்வையும் கடுமையாகப் போனது, வெளிச்சம்கூடத் தெரியாத நிலைக்குப் போனவையும் உண்டு. இதற்குப் பணமும் கட்டியிருந்தார்கள்.

உண்மையில் பலித்த சிகிச்சைகளைப் பார்த்தால், செல்லை அதன் சொந்த இடத்திலேயே வைத்தவைதான் பெரும்பாலும் முன்னால் நிற்கின்றன. ஜெர்மனியில் போஹும் (Bochum) என்ற நகரில் 2015-இல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தோல் உரிந்துபோகும் பரம்பரை நோயால் சாகும் நிலையில் இருந்தான். இத்தாலியின் மோடெனாவில் மிக்கேலே டி லூக்காவின் குழு, அவனிடம் மிச்சமிருந்த நல்ல தோலில் 4 சதுர சென்டிமீட்டர் எடுத்து, பிழையான மரபணுவுக்குச் சரியான நகலைச் செலுத்தி, தாள் தாளாகத் தோல் வளர்த்துக் கொடுத்தது. உடம்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுத் தோல் மாற்றப்பட்டது. பையன் பள்ளிக்கூடம் போனான், பந்து விளையாடினான். எனக்கு இதில் சுவாரசியம் பிற்பாடு தெரிந்த விஷயம். மரபணுவைச் செலுத்திய வைரஸ் ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறு இடத்தில் போய்ச் சேர்ந்திருந்ததால், அதையே அடையாளமாக வைத்து வம்சங்களைப் பின்தொடர முடிந்தது. ஒட்டிய செல்களில் பெரும்பாலானவற்றின் வம்சம் சில மாதங்களில் அற்றுப்போயிருந்தது. புதுத் தோல் முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தவை ஒரு சிறுபான்மை ஸ்டெம் செல்கள். டொராண்டோ எலிகளில் குரோமோசோம் தழும்பை வைத்துப் போட்ட கணக்குதான், இந்த முறை ஒரு பையனின் உடம்பில்.

தட்டில் செய்த செல்லும் இப்போது மெல்ல மெல்ல வருகிறது. ஹார்வர்டில் பணிபுரிந்த டக்ளஸ் மெல்டனுக்கு இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் முதல் வகை நீரிழிவு. தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டு, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லைச் செய்வதில் இறங்கினார். நல்ல அளவில் செய்ய முடிந்தது 2014-இல்தான். அந்த வழியில் வந்த செல்களைக் கல்லீரலின் ரத்தக்குழாய் வழியே ஏற்றிய சோதனையின் முடிவு 2025-இல் வந்தது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து எடுத்தாக வேண்டும், அந்தத் தொல்லை சின்னதில்லை.

இதயம் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. காரணம் விருந்தினர்களுக்கு நாங்கள் காட்டும் அந்தத் துடிப்பேதான். வளர்ந்த மனிதரின் இதயத் தசைச் செல் தானாகத் துடிக்காது. இதயத்தின் தாளத்தைத் தொடங்கிவைக்கும் முடுக்கிச் செல்களிடமிருந்து மின்சமிக்ஞை வரும் வரை காத்திருக்கும். தட்டில் தானாகத் துடிக்கும் செல் கருவின் செல்லைப் போல முதிராதது. மாதக்கணக்கில் தட்டில் வைத்திருந்தாலும் முழுதாக முதிர்வதில்லை. 2014-இல் சியாட்டிலில் சார்லஸ் மரியின் குழு, மாரடைப்பு உண்டாக்கிய குரங்குகளின் இதயத்தில் இப்படிப்பட்ட 100 கோடி செல்களை வைத்தது. அவை பிடித்துக்கொண்டன, குரங்கின் தசையோடு மின்தொடர்பும் ஏற்பட்டது. கூடவே, தம் இஷ்டத்துக்குத் துடித்துக் குரங்கின் இதயத் தாளத்தைக் கெடுத்தன. சில வாரங்களில் அது அடங்கியது. மனிதருக்கு அந்தச் சில வாரம் உயிருக்கே ஆபத்தாகலாம். அதே குழு 2023-இல் செல்லில் மூன்று மரபணுக்களை நீக்கி, ஒன்றைக் கூட்டி, தானாகத் துடிக்காத செல்லைச் செய்து காட்டியது. மின்தூண்டல் கொடுத்தால் மட்டும் சுருங்கும். பன்றியின் இதயத்தில் வைத்தபோது அந்தத் தாளக் கோளாறு வரவில்லை. மாரடைப்பில் செத்த தசைக்குப் பதிலாக நின்று அவை எவ்வளவு இழுக்கும் என்பது அடுத்த கேள்வி.